கைக்குப் பழகிய தைரியம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். உங்கள் கேள்விக்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பத்து வருடம் வார்டில் நின்ற நர்ஸுக்கு, வெள்ளமோ தீயோ வந்தால் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

திறமைக் குறைவு இல்லை. அந்த நாளில் வேலையின் வரிசையே தலைகீழாகிவிடுகிறது. வழக்கமான நாளில் ஒருவருக்கு மூச்சு நின்றால் வார்டே அவர் கட்டிலுக்கு ஓடும். பேரிடர் நாளில் கேசுவால்டி வாசலில் அறுபது பேர் கிடப்பார்கள். இருப்பது பத்துக் கைகள்தான்.

அதற்காகவே 1983-ல் கலிஃபோர்னியாவில், யாருக்கு முதலில் சிகிச்சை என்று அட்டை நிறத்தால் பிரிக்கும் 'ஸ்டார்ட்' என்ற முறையை உருவாக்கினார்கள். நடக்க முடிந்தவர்களுக்குப் பச்சை அட்டை. மற்றவர்களிடம் மூன்றே சோதனைகள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால் சிவப்பு. 'கையை மூடித் திறங்கள்' என்று சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. மூன்றிலும் தேறியவருக்கு மஞ்சள். மூச்சே இல்லாதவருக்குத் தலையைச் சரித்து மூச்சு வழியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் மூச்சு வரவில்லை என்றால் கறுப்பு அட்டை கட்டிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகக் கூடாது.

படிக்க எளிதுதான். ஆனால் மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்தியே பழகிய கை, அவரைத் தாண்டிப் போக வேண்டும். அதைப் புத்தகம் கற்றுத் தராது. முன்பே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

நியூயார்க்கில் 2012 அக்டோபர் 29 இரவு. சாண்டி புயலில் ஆற்று நீர் என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனைக்குள் ஏறியது. மின்சாரம் போனது, மாற்று மின்சாரமும் கைவிட்டது, லிஃப்ட் நின்றது. முந்நூறுக்கும் அதிகமான நோயாளிகளை வெளியேற்ற வேண்டும். ஒன்பதாவது மாடியில் தீவிர சிகிச்சையில் 20 பச்சிளங்குழந்தைகள். நர்ஸ்கள் அவர்களை மார்போடு அணைத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் படி படியாக இறங்கினார்கள். வென்டிலேட்டரில் இருந்த பிள்ளைகளுக்கு வழி நெடுகக் கையால் அம்பு பேக் என்ற பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். இருபது பேரும் பத்திரமாக வேறு மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பையை அழுத்துவது அந்த நர்ஸ்களுக்கு அன்றாட வேலை. முந்தைய ஆண்டு ஐரீன் புயலுக்கு முன்பும் அந்த மருத்துவமனை நோயாளிகளை வெளியேற்றியிருந்தது. புதிதாக வந்தவை இருட்டும் வெள்ளமும்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, மற்றவர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் முதலாவதே பலமானது. வகுப்பில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டினால் அந்த ஊற்று திறக்காது. மாக் டிரில் திறக்கும். ஆனால் முன்கூட்டியே அறிவித்துக் காலை 11 மணிக்கு நடத்துவது பாதிப் பயிற்சிதான். இரவு 2 மணிக்கு, வார்டில் இரண்டே நர்ஸ்கள் இருக்கும்போதும் நடத்திப் பார்க்க வேண்டும்.

நான்காவது ஊற்றை நாம் மறந்துவிடுகிறோம். தன் வீட்டில் தண்ணீர் ஏறுகிறதா, பிள்ளையை யார் தூக்கினார்கள் என்று தெரியாத நர்ஸின் மனம் வார்டில் நிற்காது. அதனால்தான் சர்வதேச செவிலியர் மன்றம் 2019-ல் வெளியிட்ட பேரிடர்த் திறன் பட்டியல், ஒவ்வொரு நர்ஸிடமும் தனக்கும் குடும்பத்துக்கும் ஒரு முன்னேற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. அது சுயநலம் இல்லை. வேலையின் ஒரு பகுதி.

நீங்கள் நர்ஸ் என்றால், அடுத்த இரவு ட்யூட்டியில் மூன்றைப் பாருங்கள். உங்கள் மாடியில் அம்பு பேக் எத்தனை, எங்கே இருக்கிறது? டார்ச் எரிகிறதா? லிஃப்ட் இல்லாமல் கீழே போகும் படிக்கட்டு பூட்டியிருக்கிறதா? பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று அன்றே கேட்டுவிடுங்கள்.