டெட்ராய்ட் விற்காத ஓவியங்கள்

ஒரு நகராட்சி திவாலானால், அதன் அருங்காட்சியகத்து ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கச் சொல்லலாமா? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கு 2013-இல் இந்தக் கேள்வி வந்தது. தொழிற்சாலைகளும் மக்களும் வெளியேறி வரி வருமானம் வற்றிப்போன அந்தக் கார் நகரம், சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு அந்த ஜூலையில் திவால் மனு கொடுத்தது.

அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் கலைப்பொருள்கள் தனி அறக்கட்டளைக்குச் சொந்தம். நகரத்தின் கடன் அவற்றைத் தொடாது. டெட்ராய்ட் கலைக்கூடத்தின் சேகரிப்போ 1919 முதல் நகராட்சியின் பெயரில் இருந்தது. கார் பணம் கொழித்த காலத்தில் நகரமே நல்ல விலை கொடுத்து வாங்கவும் செய்தது. 1922-இல் வான்கோவின் சுய உருவப்படம், 1930-இல் புரூகலின் 'திருமண நடனம்'. நகரம் தன் பணத்தில் வாங்கிய சுமார் 2,800 பொருள்களை மட்டும் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் மதிப்பிட்டது: 45 கோடி முதல் 87 கோடி டாலர் வரை. புரூகலின் ஓவியத்துக்கு மட்டும் 10 முதல் 20 கோடி.

அமெரிக்க நகராட்சித் திவால் சட்டப்படி, சொத்தை விற்கச் சொல்லி நீதிமன்றம் நகரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கடன் தீர்க்கும் திட்டத்தை நீதிபதி ஏற்றாக வேண்டும். 'இவ்வளவு மதிப்புள்ள சொத்தை வைத்துக்கொண்டு எங்கள் பங்கை வெட்டுவது நியாயமா' என்று கடன்காரர்கள் அங்கே வாதிடலாம், வாதிட்டார்கள்.

விற்றிருந்தாலும் அந்தத் தொகை அப்படியே கைக்கு வந்திருக்காது. அவசரமாக, மொத்தமாகச் சந்தைக்கு வந்தால் விலை விழும். இவை மக்களுக்காக அறக்கட்டளைச் சொத்தாக வைக்கப்பட்டவை, கடனுக்காக விற்கக் கூடாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துத் தெரிவித்திருந்தார். விற்றால் வழக்குகள் நீளும். கலைக்கூடத்துக்காக 2012-இல் தனி வரிக்கு வாக்களித்த மூன்று மாவட்டங்களின் பணமும் நின்றுபோகும் நிலை.

மறுபக்கத்தில் நின்றவர்கள் வங்கிகள் மட்டுமல்லர். நகரத்துக்கு உழைத்து ஓய்வு பெற்றவர்களும் கடன்காரர்களே. தொடக்கத் திட்டம் பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 34 சதவீதம் வரை வெட்டச் சொன்னது. 'சுவரில் படம் பெரிதா, என் வீட்டு அடுப்பு பெரிதா' என்று அவர்களில் ஒருவர் கேட்டால் அதை ரசனையற்ற கேள்வி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஓவியங்களைக் காக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பதில் சமரசப் பேச்சில் கிடைத்தது. நடுவராக இருந்த நீதிபதி ஜெரால்ட் ரோசன் அறக்கட்டளைகளிடம் நன்கொடை கேட்டார். அவை சுமார் 36.6 கோடி டாலரும், மிச்சிகன் மாநிலம் 35 கோடியும், கலைக்கூடம் 10 கோடியும் இருபது ஆண்டுக் கணக்கில் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பணம் ஓய்வூதிய நிதிக்குப் போனது. ஓவியங்கள் நகராட்சியின் கையை விட்டு, கலைக்கூடத்தை நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்புக்கு நிரந்தரமாக மாறின. திவால் வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் 2014 நவம்பரில் திட்டத்தை ஏற்றார்.

முதியவர்கள் முழுதாகத் தப்பவில்லை. பொது ஊழியர்களின் ஓய்வூதியம் 4.5 சதவீதம் குறைந்தது. விலைவாசிக்கு ஏற்ற ஆண்டு உயர்வும் நின்றது. காவல், தீயணைப்புத் துறையினரின் அடிப்படைத் தொகை தப்பியது, ஆண்டு உயர்வு குறைந்தது. எல்லோருக்கும் நகரம் தந்துவந்த மருத்துவச் சலுகை பெருமளவு போயிற்று.