பேட்மேனுக்கு இன்னொரு அப்பா!

1939-ல் பேட்மேன் காமிக்ஸில் அறிமுகமானபோது, படைப்பாளி என்று இருந்தது பாப் கேன் பெயர் மட்டுமே. ஆனால், கேன் முதலில் வரைந்தது சிவப்பு உடையும் விறைப்பான இறக்கைகளும் கொண்ட ஓர் உருவம். வௌவால் காது வைத்த முகமூடி, தோளில் தொங்கும் அங்கி, சாம்பல் நிற உடை எல்லாம் நண்பர் பில் ஃபிங்கர் தந்த யோசனை. முதல் கதையை எழுதியதும், 'புரூஸ் வெய்ன்' எனப் பெயர் வைத்ததும் அவரே.

1974-ல் ஃபிங்கர் இறந்தார். அதுவரை அந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1989-ல் சுயசரிதையில் கேனே அவர் பங்கை ஒப்புக்கொண்டு வருந்தினார். கேட்கத்தான் நண்பர் இல்லை.

பின்னர் எழுத்தாளர் மார்க் டைலர் நோபல்மேன், ஃபிங்கரின் பேத்தியைத் தேடிக் கண்டுபிடித்தார். குடும்பம் உரிமை கேட்டது. 2015-ல் டிசி நிறுவனம் இறங்கிவந்தது. இன்று பேட்மேன் படங்களில் கேன் பெயரோடு ஃபிங்கர் பெயரும் வருகிறது. 76 ஆண்டுகள் தாமதமாக!