மழைக்கு அஞ்சாத வயர்!

ஐப்பசி மாதத்து இரவு. வெளியே சோவென்று மழை. மாடி அறையில் உங்கள் அக்கா கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். படிவத்தை நிரப்பியாகிவிட்டது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து... இணையம் போச்சு!

கீழே ஓடிப் போய்ப் பார்க்கிறீர்கள். ரூட்டரில் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. அப்படியென்றால் கோளாறு எங்கே? கீழிருந்து மாடிக்குப் போகும் வயரில்தான்! போன வருஷம் வயர் நீளம் போதவில்லை என்று, மொட்டைமாடியில் இன்னொரு துண்டை ஒட்டுப் போட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றினார்களே, அந்த இடத்தில்தான் வில்லன் ஒளிந்திருக்கிறான். அவன் பெயர் தண்ணீர்!

'வயரே இல்லாமல் வைஃபை இருக்கிறதே?' என்று கேட்பீர்கள். கான்கிரீட் தளமும் சுவர்களும் வைஃபை அலைகளை வலுவிழக்கச் செய்துவிடும். அதனால்தான் தூரத்து அறைக்கு வயர் தேவைப்படுகிறது. அந்த வயரை நீட்டுவது எப்படி, மழையிலிருந்து காப்பது எப்படி என்று பார்க்கலாமா?

வயருக்குள்ளே என்ன இருக்கிறது?

நெட்வொர்க் வயரின் மேலுறையைச் சீவினால், உள்ளே 8 மெல்லிய கம்பிகள் இருக்கும். அவை தனித்தனியாக இருக்காது. இரண்டிரண்டாகப் பின்னல் போல முறுக்கி, 4 ஜோடிகளாக இருக்கும். ஏன் இந்த முறுக்கு? பக்கத்தில் ஓடும் மின்சார வயர் போன்றவற்றிலிருந்து வரும் தொந்தரவு, முறுக்கிய இரு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால், அந்தத் தொந்தரவு கழிந்துபோகும். இந்த யோசனைக்கு 1881-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் யார் தெரியுமா? தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்!

இந்த வகை வயரை ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை கொண்டுபோகலாம். நம் வீட்டு மாடிக்கு அது தாராளம்.

மூன்று எதிரிகள்

முதல் எதிரி வெயில். மொட்டைமாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் துணி கிளிப்பை அழுத்தினால் 'டப்'பென்று உடைகிறது அல்லவா? சூரியனின் புற ஊதாக் கதிர்கள் செய்யும் வேலை அது. வீட்டுக்குள் போடும் சாதாரண வயரின் உறையும் இப்படித்தான் விறைத்துப்போய் வெடிக்கும். வெளியில் போடுவதற்கென்றே கறுப்பு பாலித்தீன் உறை போட்ட வயர் கடைகளில் கிடைக்கிறது. அந்தக் கறுப்பு அழகுக்காக அல்ல. அதில் கலந்துள்ள கரித்தூள் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடாமல் தடுக்கும்.

இரண்டாவது எதிரி மழை. வெடிப்பு வழியாகவோ ஒட்டு வழியாகவோ ஒரு சொட்டு உள்ளே போனால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, கம்பிகளுக்கு இடையே உள்ள இடுக்குகளில் நீர் ஊர்ந்து போகும். பிறகு செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் தேய்க்காத செம்புச் சொம்பில் பார்த்திருப்பீர்களே, அதே களிம்புதான். களிம்பு பிடித்த பகுதியை வெயிலில் காயவைத்துப் பயனில்லை. வெட்டி எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது எதிரி அணில், எலியின் பற்கள்! வயரை பி.வி.சி. குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோனால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நீட்டுவது எப்படி?

கம்பிகளை முறுக்கி இணைத்து, டேப் சுற்றுவது கூடவே கூடாது. அந்த இடத்தில் ஜோடிகளின் முறுக்கு குலைந்துவிடும். சாதாரண டேப்பின் பசையும் வெயிலில் இளகிக் கழன்றுவிடும்.

முதல் வழி, ஒட்டே இல்லாமல் ரூட்டரிலிருந்து மாடி அறை வரை ஒரே நீளமான புது வயர் போடுவது. இதுதான் மிகச் சிறந்தது.

இரண்டாவது வழி, இணைப்பை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. இரண்டு வயர்களின் முனைகளையும் இருபுறமும் செருகிக்கொள்ள 'கப்ளர்' என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம்.

வெளியில்தான் இணைக்க வேண்டும் என்றால், கப்ளரை நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, சன்ஷேடுக்கு அடியில் மாட்ட வேண்டும். வயர்கள் பெட்டியின் அடிப்பக்கம் வழியாகத்தான் நுழைய வேண்டும். மேலே துளை போட்டால் மழைக்கு வரவேற்பு வளைவு கட்டியது போல ஆகிவிடும்! கூடுதல் பாதுகாப்புக்கு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இணைப்பின் மேல் சுற்றலாம்.

முனையில் பிளக் மாட்டும்போது நிற வரிசை முக்கியம். பரவலாகப் பயன்படும் வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்கு 8 கம்பிகளும் தேவை. 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளின் 4 கம்பிகளே போதும். அதனால் வேகம் திடீரென்று 1000-லிருந்து 100-க்கு இறங்கினால், நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஏதோ அறுந்திருக்கலாம் என்று துப்பறியலாம்!

சன்ஷேடு சொல்லும் ரகசியம்

உங்கள் வீட்டு ஜன்னல் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பல வீடுகளில் விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக் கோடு ஓடும். கொத்தனார் ஏன் அதைப் போடுகிறார்? அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் மழைநீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். சுவர் நனையாது.

வயருக்கும் இதே தந்திரம்தான். சுவர்த் துளைக்குள் நுழைவதற்கு முன், வயரைத் துளைக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விட வேண்டும். வயர் வழியாக இறங்கி வரும் நீர், வளைவின் அடியில் சொட்டிவிடும். துளையும் வெளிப்புறம் சற்றே சரிந்திருக்க வேண்டும். கடைசியில் துளையைச் சுற்றி சிலிகான் பசை பூச வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையா? செய்து பாருங்கள்! பிளாஸ்டிக் கொடிக்கயிற்றின் ஒரு முனையை உயரமாகவும், மறு முனையைத் தாழ்வாகவும் பிடித்து, மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். நீர் நேராகத் தாழ்ந்த முனைக்கு ஓடும். இப்போது நடுவில் அந்த முனையைவிடக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டுச் செய்யுங்கள். நீர் வளைவிலேயே சொட்டும். முனை நனையாது!

கட்டாயம் கவனிக்க!

* ஏணியில் ஏறுவது, கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டுவது, துளை போடுவது எல்லாம் பெரியவர்கள் வேலை. ஈரமாக இருக்கும்போது அவர்களும் செய்யக் கூடாது.

* மின்சார வயரிலிருந்து ஓர் அடியாவது தள்ளியே நெட்வொர்க் வயர் போக வேண்டும். தெரு மின்கம்பிகளின் அருகே போகவே கூடாது.

* பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலும், வெளியில் ஓடும் செம்பு வயர் வழியாக மின் அதிர்வு உள்ளே வரலாம். இடிமழை வருவதற்கு முன்பே வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். இடி இடிக்கும்போது தொடாதீர்கள்.

* ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு என்றால் கண்ணாடி இழை வயர்தான் பாதுகாப்பு. கண்ணாடியில் மின்சாரம் பாயாது அல்லவா?

அப்படியானால் உங்களுக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. வயர் போகும் பாதையை நோட்டில் வரையுங்கள். நீளத்தை அளந்து, வளைவுகளுக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். நிற வரிசையைச் சரிபாருங்கள். பெரியவர்கள் கண்ணில் படாத வெடிப்பு உங்கள் கண்ணில் படலாம்!

சரி, அக்கா என்ன ஆனார்? கவலை வேண்டாம். அப்பாவின் செல்போன் இணையத்தை வாங்கி, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். ஆனால் அடுத்த முறையும் அப்படி ஓட வேண்டுமா என்ன? மழை விட்ட ஒரு காலை நேரத்தில், அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு அந்தக் கறுப்பு டேப் ஒட்டைப் போய்ப் பாருங்கள் குட்டி நண்பர்களே!