ஒரே மருந்து, பல வேஷம்

பெயரும் நிறமும் மாறலாம். உள்ளே இருப்பது மாறுவதில்லை.

காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு ஒன்று. மழைக்காலத்தில் பல வீடுகளில் நடக்கும் வைத்தியம் இது. டாக்டர் வரை போகாமல் மருந்துக் கடையிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. மூன்று மாத்திரைகளுக்கும் நிறம் வேறு, பெயர் வேறு, விலை வேறு. ஆனால் மூன்றிலும் இருப்பது பாராசிட்டமாலாகவே இருக்கலாம்.

க்ரோசின், கால்பால், டோலோ 650 எல்லாம் பாராசிட்டமாலின் வணிகப் பெயர்கள்தான். காம்பிஃப்ளாம் மாத்திரையில் இபுப்ரோஃபெனுடன் 325 மி.கி. பாராசிட்டமாலும் உண்டு. பல ஜலதோஷ மாத்திரைகளிலும் அது இருக்கிறது. கணக்குப் போட்டால் விபரீதம் புரியும். டோலோ 650 மூன்று வேளை: 1,950 மி.கி. காம்பிஃப்ளாம் மூன்று வேளை: 975. ஜலதோஷ மாத்திரையிலும் 325 மி.கி. இருந்தால் இன்னொரு 975. மொத்தம் 3,900. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000 மி.கி.தான். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தொடர்ந்து குடிப்பவர்கள், மெலிந்தவர்கள் ஆகியோருக்கு வரம்பு இன்னும் குறைவு.

வரம்பு மீறினால் அடி விழுவது கல்லீரலுக்கு. மோசமான விஷயம், அது உடனே தெரியாது. முதல் நாளில் குமட்டல், வாந்தியோடு நின்றுவிடலாம். சிலருக்கு அதுவும் இருக்காது. பாதிப்பு வெளிப்பட இரண்டு மூன்று நாட்கள் ஆகும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் நன்றாகப் பலன் தருவதோ முதல் எட்டு மணி நேரத்துக்குள். அளவு மீறியது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்தின் மூலப்பெயரை வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018இல் அமலுக்கு வந்தது. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கு விலக்கு உண்டு. ஜலதோஷ மாத்திரைகள் பலவும் இந்த ரகம்தான். ஆக, எங்கே கவனம் அதிகம் தேவையோ அங்கே எழுத்து பொடியாக இருக்கிறது.

கடைக்காரர் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை தரும்போது சிக்கல் கூடுகிறது. மூலப்பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடக்கூடும். முழு அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்வது, பில் கேட்டு வாங்குவது இரண்டும் பாதுகாப்பு. ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மூலப்பெயர்களை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்து, புது மருந்து வாங்கும்போதெல்லாம் காட்டுவது நல்லது. உதாரணமாக, இபுப்ரோஃபென் சில ரத்த அழுத்த மருந்துகளோடு சேரும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் டாக்டரைப் பார்ப்பதோடு, மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் புகார் செய்யலாம். அப்போதும் அவர்கள் கேட்கும் முதல் விவரங்களில் ஒன்று, மருந்தின் பெயர்.