உங்களுக்குத் தெரியுமா? ஓய்வு பெற்றும் ஓயாத சக்கரங்கள்

அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளில் ஒரு சாரார், இருந்த வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். நம் ஊரில் சினிமா படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நிற்குமே கேரவன், ஏறக்குறைய அதே மாதிரிதான். அடுப்பு, கட்டில், குளியலறை, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும். கோடையில் வடக்கே மொன்டானா, மிச்சிகன் பக்கம். குளிர்காலத்தில் தெற்கே அரிசோனா, டெக்சஸ், ஃபுளோரிடா. சுற்றிப் பார்ப்பது ஒரு பாதி என்றால், போகிற ஊரில் சில மாதம் வேலை பார்ப்பது மறு பாதி. அதற்கு ‘வொர்க்கேம்ப்பிங்’ என்று பெயர். இந்த வேலைகளுக்கென்றே ‘வொர்க்கேம்ப்பர் நியூஸ்’ என்ற பத்திரிகை 1987-லேயே தொடங்கிவிட்டது.

★

அமெரிக்காவில் விளையும் சர்க்கரையில் பாதிக்கு மேல் கரும்பிலிருந்து வருவதில்லை. சர்க்கரை பீட்ரூட்டிலிருந்து வருகிறது. மின்னசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் நடுவே ரெட் நதிப் பள்ளத்தாக்கில் அக்டோபர் பிறந்ததும் முழு வீச்சில் அறுவடை. அந்தச் சில வாரங்களுக்கு ஆள் போதாது. அப்போது வந்து கை கொடுப்பவர்களில் வீட்டு வண்டித் தம்பதிகள் பலர். ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். பகல் ஷிப்டும் உண்டு, இரவு ஷிப்டும் உண்டு.

வயலிலிருந்து வரும் லாரியைக் கை காட்டிப் பின்னால் வரச் சொல்ல வேண்டும். லாரி கிழங்கைக் கொட்டியதும் ‘பைலர்’ என்கிற ராட்சத இயந்திரம் மண்ணை உதிர்த்துவிட்டு, கிழங்கை மலை மாதிரி குவிக்கும். உதிர்ந்த மண் அதே லாரியில் திரும்ப ஏறிவிடும். குறிப்பிட்ட லாரிகளிலிருந்து ஒரு பை கிழங்கு எடுத்து, சீட்டைச் சேர்த்துக் கட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சர்க்கரைச் சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான் விவசாயிக்குப் பணம். ஆகவே அந்தப் பையைக் கட்டும் பாட்டியின் கவனத்தில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே இருக்கிறது. லாரி வராத நேரத்தில் மண்வெட்டியோடு சுற்றிலும் சிந்திய சேற்றை வழிப்பது இன்னொரு வேலை.

இதில் வெயிலும் எதிரி, கடுங்குளிரும் எதிரி. தோண்டிய பிறகும் கிழங்கு மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். சூடாகக் குவித்தால் உள்ளே வெந்து அழுகிவிடும். உறைந்த கிழங்கைச் சேர்த்தாலோ, இளகும்போது கெடும். அதனால் வெப்பநிலை சரியில்லாத நாளில் அறுவடையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். வேலைக்கு வந்தவர்கள் வண்டியில் காத்திருக்க வேண்டியதுதான். வண்டி நிறுத்த இடத்தைச் சர்க்கரை நிறுவனமே ஏற்பாடு செய்து தருகிறது.

★

வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. காலி செய்யும் இடத்தில் கழிவறைத் தொட்டியை முதலில் திறப்பார்கள், சோப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பிறகு. வரிசை ஏன் முக்கியம் தெரியுமா? பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

★

62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களும் ஒரே ஒரு முறை 80 டாலர் கட்டினால், ஆயுள் முழுக்க நாட்டின் தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட வண்டியில் இருப்பவர்களுக்கும் சேர்த்து! கணவன், மனைவி இருவருக்கு ஒரு அட்டையே போதும். 2017 ஆகஸ்ட் வரை இதன் விலை வெறும் 10 டாலர்தான். பல அரசு முகாம்களில் தங்கும் கட்டணத்திலும் பாதி தள்ளுபடி உண்டு.

★

பூங்கா முகாம்களில் ‘கேம்ப் ஹோஸ்ட்’ என்று ஒரு பொறுப்பு உண்டு. வருபவர்களுக்கு வழி சொல்வது, இடம் காட்டுவது, நெருப்புக் குழியைச் சுத்தம் செய்வது, சில இடங்களில் கழிவறை கழுவுவதும் சேர்த்து. பல இடங்களில் சம்பளம் இல்லை. வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர் இலவசம். காலையில் வேலை முடித்துவிட்டு, பிற்பகலில் மற்றவர்கள் காசு கட்டிப் பார்க்க வரும் அருவிக்கு நடந்தே போய் வரலாம். இந்த வேலைகளிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

★

மொன்டானாவின் கிளேஷியர் தேசியப் பூங்காவில் ‘கோயிங் டு தி சன்’ என்ற மலைச்சாலை கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அதன் உயரமான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. பெரிய வீட்டு வண்டிக்காரர்கள் பின்னால் ஒரு சின்னக் காரை இழுத்துக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டை முகாமில் நிறுத்திவிட்டு, காரில் மலை ஏறுகிறார்கள்.

★

முதன்முதலாக விற்பனைக்கு வந்த வீட்டு வண்டிகளில் ஒன்று, 1910-இல் நியூயார்க் கண்காட்சியில் வைக்கப்பட்ட பியர்ஸ்-ஆரோ கார். பின் இருக்கை விரித்தால் கட்டில்.

★

நிலவுக்குப் போய்விட்டு 1969 ஜூலையில் பூமிக்குத் திரும்பிய அப்போலோ 11 வீரர்கள் மூவரையும் முதலில் தனிமைப்படுத்தி வைத்தது, மாற்றியமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீம் வீட்டு வண்டியில்தான்!

★

டெக்சஸில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களின் வாசலில் காவல் இருப்பது தம்பதிகளுக்கே தோதான வேலை. இரவு பகல் எந்நேரமும் லாரி வரும். வண்டி எண்ணையும் ஆள் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருப்பார். ஒரே வாசலில் இருந்துகொண்டு நாள் கணக்கில் இருவரும் சேர்ந்து ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

★

எல்லாரும் ஆசைக்காக மட்டும் கிளம்பியவர்கள் அல்ல. 2008-இல் வீட்டு விலை சரிந்து, சேமிப்பும் கரைந்து, வேறு வழியில்லாமல் வண்டியேறியவர்கள் நிறையப் பேர். அதே ஆண்டில் அமேசான் நிறுவனம், பண்டிகைக்கால நெரிசலுக்கு வீட்டு வண்டிக்காரர்களைக் கிடங்கு வேலைக்கு எடுக்கத் தொடங்கியது. ‘கேம்ப்பர்ஃபோர்ஸ்’ என்ற அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஜெசிக்கா புரூடர் 2017-இல் வெளியிட்ட ‘நோமேட்லேண்ட்’ நூலில் இவர்கள் படும் பாடுகளைப் பதிவு செய்திருக்கிறார். கிடங்குச் சுவரில் இலவச வலி மாத்திரைப் பெட்டி மாட்டியிருந்ததைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. அறுபது, எழுபது வயது உடம்பு கான்கிரீட் தரையில் நாள் முழுக்க நடந்தால் வேறென்ன ஆகும்? நூலைத் தழுவிய படம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. நாடோடிகளாகவே வாழும் நிஜ மனிதர்கள் சிலர் அதில் அவர்களாகவே நடித்தார்கள்.

★

62 வயதிலேயே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கத் தொடங்கலாம். ஆனால் முழு ஓய்வு வயதுக்கு முன்பு வேலையும் பார்த்தால் கணக்கு உண்டு: 2025-இல் 23,400 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 2 டாலருக்கும் ஓய்வூதியத்தில் 1 டாலர் பிடித்தம். 1960-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67. பருவ வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் இதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

★

வீடே இல்லாதவருக்கு விலாசம்? தெற்கு டகோட்டாவில் ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டி, ஊர் ஊராகப் போகிறவர்கள் ஓட்டுநர் உரிமம் எடுக்க வழி இருக்கிறது. டெக்சஸ், ஃபுளோரிடாவும் இவர்கள் விரும்பும் விலாசங்கள். மூன்று மாநிலங்களிலும் மாநில வருமான வரி கிடையாது. மருத்துவத்தில்தான் கவனம் வேண்டும். 65 வயதில் கிடைக்கும் அரசின் மருத்துவக் காப்பீடான அசல் மெடிகேரை ஏற்கும் மருத்துவர் எந்த மாநிலத்திலும் இருப்பார். தனியார் நிறுவனங்கள் வழியே வரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றில், குறிப்பிட்ட வட்டாரத்து மருத்துவர்களிடம்தான் போக வேண்டும்.

★

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்ற ஊர். நிரந்தரமாக வசிப்பவர்கள் 2,500 பேர்கூட இல்லை. குளிர்காலத்தில் சுற்றுவட்டாரப் பாலைவனம் முழுக்க வீட்டு வண்டிகள்தான். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச் சீட்டில் அரசு நிலத்தில் தங்கலாம். ஊர்க் கல்லறையில் ஒரு பிரமிடு இருக்கிறது. உச்சியில் செம்பு ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களை இறக்கிப் பார்த்தபோது, அவற்றோடு வந்த ஹாஜி அலியின் நினைவிடம் அது. ‘ஹை ஜாலி’ என்று உள்ளூர்க்காரர்கள் அழைத்த அவர் 1902-இல் அங்கேயே காலமானார்.

★

இனி ஓட்ட முடியாது என்ற நிலை வந்தால் என்ன செய்வார்கள்? 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற வீட்டு வண்டிச் சங்கம் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்னும் ஊரில், முதியவர் தன் சொந்த வண்டியிலேயே தங்கியிருக்க, சாப்பாடும் மருத்துவமனைக்குப் போய்வர வண்டியும் பகல் நேரப் பராமரிப்பும் கிடைக்கின்றன. தம்பதியில் ஒருவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தாலும், மற்றவர் அவரை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. அங்கே சமைத்துப் போட்டு, காரோட்டி உதவும் தன்னார்வலர்களில் பலர், இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் வீட்டு வண்டிக்காரர்கள். சில வாரங்கள் தங்கி உழைக்கும் அவர்களுக்கும் வண்டி நிறுத்த இடம் இலவசம்.