கடல் தொட்டியில் மணல் ஏன் நிற்பதில்லை? வான் தீவில் இருக்கிறது பதில்

“அண்ணாச்சி, மணல் நிக்கவே மாட்டேங்கு. ராத்திரி பரப்பி விட்டா காலையில ஒரு மூலையில குவிஞ்சு கெடக்கு, இன்னொரு மூலையில கண்ணாடி தெரியுது.”

கடல்நீர் மீன்தொட்டி வைத்தவர்கள் கடைக்காரரிடம் கொண்டுவரும் முதல் புலம்பல் பெரும்பாலும் இதுதான். பாளையங்கோட்டையில் கப்பி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் என்று வளர்த்துப் பழகியவருக்கு அடுத்த ஆசை கோமாளி மீனும் பவளமும் வைத்த ‘ரீஃப் டேங்க்’. நன்னீர்த் தொட்டியில் மணல் போட்டோமா, செடி நட்டோமா என்று முடிந்துவிடும். ரீஃப் டேங்க்கில் மணலே பெரிய தலைவலி. பம்ப்பைக் கூட்டினால் மணல் பறக்கிறது, குறைத்தால் அழுக்கு தங்குகிறது. என்னதான் செய்வது?

முதலில், இவ்வளவு நீரோட்டம் எதற்கு என்று பார்ப்போம். பவளம் பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் விலங்கு. ஆனால் இடத்தை விட்டு நகராது. உணவும் ஆக்சிஜனும் தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கழிவையும் மேலே படியும் சளியையும் தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போக வேண்டும். ஓட்டம் இல்லாத மூலையில் செந்நிறத்தில் வழவழப்பான பாசி படரும். அதனால்தான் ‘வேவ்மேக்கர்’ என்ற விசிறி பம்ப்பைக் கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டவைக்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவது கணக்கில். வெளிநாட்டு வீடியோக்களில், தொட்டியின் கொள்ளளவைப் போல 20 முதல் 40 மடங்கு தண்ணீர் ஒரு மணி நேரத்தில் சுழல வேண்டும் என்பார்கள். 200 லிட்டர் தொட்டிக்கு அது 4,000 முதல் 8,000 லிட்டர். அலை அடிக்கும் திட்டுகளில் வளரும் கல்பவளங்களுக்கு அது சரிதான். ஆனால் நம் நாட்டில் கல்பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கடலிலிருந்து எடுத்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. “கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு” என்று செத்த பவளத் துண்டை எடுத்துவந்தாலும் வழக்குதான். நம் வீட்டுத் தொட்டிகளில் வைக்கப்படுபவை பெரும்பாலும் மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் போன்ற மென்மையான இனங்கள். அவற்றுக்கு 10 முதல் 20 மடங்கு ஓட்டமே போதும். அதாவது அதே 200 லிட்டருக்கு 2,000 முதல் 4,000 லிட்டர். கல்பவளத்துக்குச் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு மணலோடு மல்லுக்கட்டுபவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு இயற்பியலும் இருக்கிறது. ஓடும் தண்ணீர் மணல்துகளைத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால்வாசி. ஆகவே தரையை ஒட்டி ஓடும் தண்ணீரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே மணல் அடங்கிவிடும். மொத்த ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

அதை எப்படிச் செய்வது? பாளையிலிருந்து 50 கிலோமீட்டரில் இருக்கும் தூத்துக்குடிக் கடலில், இதே பிரச்சினையைத் தீவு அளவில் சமாளித்திருக்கிறார்கள்.

வான் தீவின் கதை

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. எல்லாம் பவளத் திட்டுகளின் மேல் மணல் சேர்ந்து உருவான தாழ்வான தீவுகள். இவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. அடுத்த முறை வான் தீவுக்கு என்ற நிலை வந்தது. 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2014-ல் ஏறக்குறைய 2 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது.

காரணம் கடல் மட்டும் அல்ல. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் இங்கே பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் அது நின்றது. ஆனால் அதற்குள் தீவுக்கு முன்னால் அலையை உடைத்துக்கொண்டிருந்த பாறை போய்விட்டது. பாறை போனதும் அலை நேராகத் தீவின் மேல் விழுந்தது, மணல் கரைந்தது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐஐடி ஆகியவற்றின் துணையோடு தமிழ்நாடு அரசு செய்தது ஒரு புதுமையான வேலை. தீவைச் சுற்றிச் சுவர் கட்டவில்லை. மேலே குறுகியும் கீழே அகன்றும் உடலெங்கும் ஓட்டைகள் வைத்தும் வார்த்த கான்கிரீட் கூடுகளைத் தீவுக்கு முன்னால் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். 2015 முதல் 2019 வரை 10,600 கூடுகள்.

அந்த ஓட்டைகளில்தான் சூட்சுமம். கெட்டியான சுவர் வைத்தால் அலை அதில் மோதித் திரும்பும், சுவரின் அடியிலேயே மணலைத் தோண்டும். கடற்கரையில் கல் கொட்டிய ஊர்களில், கொட்டிய இடம் பிழைத்துப் பக்கத்து ஊர்க் கரை அரிக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டையுள்ள கூடு தண்ணீரை உள்ளே விடும். உள்ளே போன தண்ணீர் பல துண்டாகச் சிதறி, பலம் இழந்து மறுபக்கம் வெளியே வரும். பலம் இழந்த தண்ணீரால் மணலைச் சுமக்க முடியாது, இறக்கி வைத்துவிடும். அப்படித்தான் வான் தீவின் அரிப்பு தணிந்து, மணல் மறுபடி சேரத் தொடங்கியது. கூடுகளில் மீன்களும் குடியேறின. இப்போது கரியாச்சல்லித் தீவுக்கும் இதே முறை திட்டமிடப்பட்டிருக்கிறது.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. தாமிரபரணியில் ஒரு பாறைக்குப் பின்னால், ஓட்டம் மட்டுப்படும் பக்கம் மணல்திட்டு விழுவதைக் குறுக்குத்துறையில் குளிக்கப் போகிற யாரும் பார்க்கலாம்.

தொட்டிக்குள் அதே பாடம்

தொட்டியில் வேவ்மேக்கரை மணலை விட்டு விலக்கி, மேல்பகுதியில், முகம் சற்றே நீர்மட்டத்தைப் பார்த்தபடி வைக்க வேண்டும். எதிர்க் கண்ணாடியில் மோதும் தண்ணீர் கீழிறங்கித் தரையோடு திரும்பி வரும். மணலைத் தோண்டுவது பெரும்பாலும் இந்தத் திரும்பும் ஓட்டம்தான். அது போகும் வழியில் பாறைகளை இடைவெளி விட்டு, வளைவும் பொந்துமாக அடுக்கினால் வேலை முடிந்தது. பாறையை மதில் மாதிரி நெருக்கி அடுக்குவது பலரும் செய்யும் தப்பு. அதன் பின்னால் தண்ணீர் செத்துக் கிடக்கும், முன்னால் மணல் பறக்கும். இன்னொன்று: பாறையை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் நிறுத்திவிட்டுப் பிறகுதான் மணலைப் போட வேண்டும். மணல்மேல் பாறையை வைத்தால், மணல் நகரும்போதோ மீன் தோண்டும்போதோ பாறை சரிந்து கண்ணாடியை உடைத்துவிடும்.

ஒரே பெரிய பம்ப்பைவிட எதிரெதிரே இரண்டு சிறிய பம்ப்கள் நல்லது. மாறி மாறி ஓடவிட்டால் இந்தப் பக்கம் வந்த மணல் அந்தப் பக்கம் திரும்பிப் போகும். மன்னார் வளைகுடாவிலும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு திசையில் நகரும் மணல், வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசையில் நகர்கிறது.

மணலின் பருமனும் முக்கியம். அஸ்கா சர்க்கரை மாதிரி பொடியாக இருந்தால் எந்தப் பம்ப்புக்கும் பறக்கும். 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன் ஓரளவு நிற்கும். அதைவிடப் பெரிதானால் மீன் தின்று மீந்தது இடுக்கில் சிக்கி அழுகும்.

“ஆத்துமணல் போட்டா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. தாமிரபரணி மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கடல்நீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் சுண்ணாம்பு அதில் இல்லை. மேலும் 2010-ல் இரா. நல்லகண்ணு நேரில் வாதாடிய வழக்கில், இந்த ஆற்றில் மணல் அள்ளுவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது ஊரறிந்த விஷயம். உவரி, மணப்பாடு பக்கத்துச் செம்மணலும் வேண்டாம். அதில் கார்னெட், இல்மனைட் போன்ற கனத் தாதுக்கள் கலந்திருக்கும். இல்மனைட்டில் இரும்பு உண்டு, வலுவான காந்தம் அதை இழுக்கும். வேவ்மேக்கர் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே துகள் சிக்கினால், பம்ப்பை நகர்த்தும்போது கண்ணாடி கீறும். கடையில் பாக்கெட்டில் வரும் அரகோனைட் மணல் விலை கூடுதல்தான், ஆனால் வேறு வழியில்லை.

புது மணல் முதல் சில வாரம் அடம்பிடிக்கும். நாளாக ஆக, துகள்களின் மேல் பாக்டீரியா மெல்லிய படலமாகப் படர்ந்து அவற்றைப் பசைபோலப் பிணைக்கும். அதனால் பம்ப்பைத் தொடக்கத்தில் குறைந்த வேகத்தில் வைத்து, வாரம் வாரம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு மணலைத் தினமும் கிளறிச் சமன் செய்தால் அந்தப் படலம் உருவாகவே உருவாகாது.

நம்மூரில் இன்னொரு எதிரி மின்வெட்டு. ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் குறையும். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் இன்னும் வேகமாகக் குறையும், பவளமும் வெளுக்கும். ஒரு பம்ப்பையாவது இன்வெர்ட்டரில் இணைத்திருக்க வேண்டும். கரண்ட் திரும்பும் நொடியும் ஆபத்துதான். சாதாரண ஏசி பம்ப் ஒரே அடியாக முழு வேகத்தில் கிளம்பி மணலை வாரி இறைக்கும். மெதுவாக வேகம் எடுக்கும் டிசி பம்ப்பில் அந்தத் தொல்லை குறைவு, சூடும் குறைவு.

அப்படியும் பவளத்தின் மேல் மணல் விழுந்துவிட்டால் அப்படியே விடக் கூடாது. பவளம் சளியைச் சுரந்து தானே தள்ளப் பார்க்கும், அதற்கே அதன் சக்தி போய்விடும். மணல் மூடிய சதை சில நாளில் அழுகும். மெடிக்கலில் கிடைக்கும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச்சில் தொட்டித் தண்ணீரையே உறிஞ்சி, ஒரு சாண் தள்ளி நின்று மெதுவாகப் பீய்ச்சினால் போதும்.