மங்கிய ஒளியில் உள்ளரங்க ஆட்டப் படங்கள்

பள்ளி அரங்கில் இரவில் நடைபெறும் இறகுப் பந்தாட்டத்தைப் படம் பிடித்தால், ஆட்டக்காரரின் முகமெங்கும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுவதுண்டு. ‘இரைச்சல்’ எனப்படும் இக்குறைக்கு, காமிராவைவிட ஒளியின் இயல்பே முதற் காரணமாகும்.

ஒளித்துகள்கள் ஒழுங்கற்ற முறையிலேயே வந்து விழுகின்றன. ஓர் உணர்புள்ளியில் சராசரியாக 10,000 துகள்கள் விழுமாயின், ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 100. அதாவது நூற்றுக்கு 1 பங்கு. 100 துகள்களே விழுமாயின் ஏற்றத்தாழ்வு 10; அதாவது நூற்றுக்கு 10 பங்கு. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் ஒளி பெருகுவதில்லை.

ஆகவே, ஒளியை மிகுதியாகச் சேர்ப்பதே முதல் வழியாகும். லென்சின் துவாரத்தை எஃப் 5.6 இலிருந்து 2.8 ஆக விரித்தால் நான்கு மடங்கு ஒளி புகும். ஆட்டக்காரர் துள்ளி உச்சியை எட்டும் கணத்தில் உடலின் வேகம் குறைவதால், 1/500 விநாடிக்குப் பதிலாக 1/250 விநாடி போதுமானதாகலாம். ஒளியும் இரு மடங்காகும். சில விளக்குகள் 50 சுற்று மின்னோட்டத்தில் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதால், தொடர்ந்து பல படங்கள் எடுத்து நல்லதைத் தேர்தல் வேண்டும்.

இவற்றிற்குப் பின்னும் ஒளி போதாவிடில், ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தயங்காது உயர்த்தலாம். இருட்டாக எடுத்த படத்தைப் பின்னர் வெளிச்சமூட்டினால், பல காமிராக்களில் நிழற்பகுதியின் இரைச்சல் மிகும். மின்வெட்டொளி ஆட்டக்காரரின் கண்ணைக் கூசச் செய்யுமாதலால் விலக்கத்தக்கது. புள்ளிகளைப் பின்னர் ஓரளவு தணிக்க இயலும். அசைவினால் கலைந்த முகத்தை மீட்பதோ மிக அரிது.

ஒரே சுவரைப் பகலொளியிலும் மங்கிய விளக்கொளியிலும் ஒரே விநாடி அளவில் படமெடுத்து ஒப்பிட்டுக் காட்டின், மாணவர் இவ்வுண்மையைத் தாமே கண்டுணர்வர்.